யாருக்காகக் காத்திருக்கிறது?

(கணினிப் பயிற்றுநர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தரவுப் பாதுகாப்பு பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. அதில் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் தொடர்ந்து நான்கு வெள்ளிக்கிழமைகள் ஒரு பேக்கப் பாதியில் நின்றது. அது ஏன் நின்றது, நான் என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. இதில் தவறு செய்தவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பழைய பள்ளி. அலுவலக பீரோவில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. சில பதிவேடுகளின் ஓரங்களைக் கரையான் தின்றுவிட்டது. சிலவற்றில் மை மங்கி, பெயர் தெரிகிறது, பிறந்த தேதி தெரிவதில்லை. ஆனால் அவற்றைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழின் இரண்டாம் படி வேண்டும், பிறந்த தேதிக்கு ஆதாரம் வேண்டும் என்று ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் வந்து நிற்பார்கள். இன்றைய மாணவர்களின் விவரம் எமிஸ் தளத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து மாணவர்களுக்கு இந்தப் பதிவேடுதான் எல்லாமே.

தலைமை ஆசிரியர் ஒருநாள் கேட்டார்: "டீச்சர், இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட முடியாதா?"

முடியும் என்றேன். ஆய்வகத்தில் ஒரு கணினியில் மைஎஸ்கியூஎல் எட்டாம் பதிப்பை நிறுவினேன். பைத்தானில் ஒரு சிறிய பதிவு நிரல் எழுதி அலுவலகக் கணினியில் வைத்தேன். சேர்க்கை எண், பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள் என்று ஆறேழு புலங்கள்தான். இரண்டு கோடை விடுமுறைகளிலும் மாலை நேரங்களிலும் நானும் அலுவலக இளநிலை உதவியாளரும் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். என்னைவிட அவர்தான் அதிகம் செய்தார். பதினான்காயிரம் பதிவுகளைத் தாண்டினோம்.

வெள்ளிக்கிழமை தோறும் மாலை 4 மணிக்குப் பேக்கப் தானாக ஓடும்படி அமைத்திருந்தேன். மைஎஸ்கியூஎல் டம்ப் என்ற கருவிதான். எங்கள் அளவுக்கு அது சில வினாடி வேலை. கறுப்புத் திரை ஒன்று திறக்கும், மூடும், முடிந்தது. பிறகு அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துத் தலைமை ஆசிரியர் பீரோவில் வைத்துவிடுவேன்.

மூன்று வெள்ளிக்கிழமைகள்

ஒரு வெள்ளிக்கிழமை கறுப்புத் திரை திறந்தது. மூடவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். கோப்பின் அளவு ஒரு கிலோபைட்டைக்கூடத் தாண்டவில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. திரையை மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன். அதே கதை.

நம்மில் பெரும்பாலோர் செய்வதையே நானும் செய்தேன். கணினியை ரீஸ்டார்ட் செய்தேன். பேக்கப் உடனே ஓடி முடிந்தது. பழைய இயந்திரம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வெள்ளியும் நின்றது. ரீஸ்டார்ட் செய்ததும் ஓடியது. மூன்றாவது வெள்ளியும் அப்படியே. அதற்குள் எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. நான்கு மணிக்கு முன்பே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அதே வாரங்களில் இன்னொரு புகாரும் வந்தது. திங்கட்கிழமை காலையில் இளநிலை உதவியாளர் வந்து சொன்னார்: "டீச்சர், வெள்ளிக்கிழமை மத்தியானம் அடிச்சதெல்லாம் காணோம்."

"சேமி பட்டனை அழுத்தாம மூடியிருப்பீங்கம்மா" என்றேன்.

"இல்ல டீச்சர், ஒவ்வொண்ணும் அழுத்தினேன். கீழே லிஸ்ட்ல வரிசையா வந்துச்சே."

"சரி, இனிமே கவனமா பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் அவர் வந்தார். மூன்றாவது வாரம் வரவில்லை. சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார். இந்த இரண்டு புகாருக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை

நான்காவது முறை நின்றபோது, பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்கும் நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவரும் கணினிப் பயிற்றுநர்தான். என் கை அப்போதே ரீஸ்டார்ட் பொத்தானுக்குப் போய்விட்டது. அவர் சொன்ன முதல் வார்த்தை, "மேடம், தயவுசெஞ்சு ஆஃப் பண்ணாதீங்க" என்பதுதான். "ஆஃப் பண்ணினா அது ஏன் நின்னுச்சுங்கிற சாட்சியும் சேர்ந்து போயிடும்" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். அந்த வரிசையை உங்களுக்கும் சொல்கிறேன். பேக்கப் நிற்கும்போது இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலாவது, அது உண்மையில் நின்றிருக்கிறதா, மெதுவாக ஓடுகிறதா? கோப்பின் அளவை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் வட்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். அளவு கூடிக்கொண்டிருந்தால் அது ஹேங் இல்லை. பழைய வட்டு, பெரிய தரவு, அவ்வளவுதான். பொறுத்திருங்கள்.

இரண்டாவது, எழுத இடம் இருக்கிறதா? வட்டு நிரம்பியிருக்கலாம். நேரடியாகப் பென்டிரைவுக்கு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பல பென்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் வருகின்றன. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவைத் தாண்ட முடியாது. பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் முடியாது.

மூன்றாவது, அது ஏதாவது கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறதா? இது அடிக்கடி நடப்பது. கட்டளையில் கடவுச்சொல் விருப்பத்தை மட்டும் எழுதி, கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை என்றால், கருவி அதைக் கேட்கும். நாம் எதிரில் இருந்தால் தட்டச்சு செய்வோம். தானாக ஓடும்படி அமைத்த வேலையில், கேட்பது யாருக்கும் தெரியாது. பதில் சொல்ல ஆளில்லாமல் அது நின்றுகொண்டே இருக்கும். அதே கட்டளையைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் கேள்வி கண்ணில் பட்டுவிடும். அதற்காகக் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதிவிடாதீர்கள். மைஎஸ்கியூஎல்லின் அமைவுக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பைப் பிறர் திறக்க முடியாதபடி செய்யுங்கள்.

எங்கள் பேக்கப்பில் இந்த மூன்றும் இல்லை. நான்காவது கேள்வி மிச்சம் இருந்தது. அது வேறு யாருக்காகவாவது காத்திருக்கிறதா?

இதற்கு மைஎஸ்கியூஎல்லில் ஒரே ஒரு கட்டளை போதும். இன்னொரு திரையைத் திறந்து 'ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட்' என்று கொடுங்கள். அந்த நேரத்தில் தரவுத்தளத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எத்தனை வினாடியாகச் செய்கிறார்கள் என்று பட்டியல் வரும். வகுப்பில் வருகை எடுப்பது மாதிரி.

எங்கள் பட்டியலில், நான் திறந்த திரையை விட்டால், இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று பேக்கப். அதன் நிலை, 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்'. அதாவது அட்டவணையின் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. இன்னொரு வரி அலுவலகக் கணினி. அதன் நிலை, 'ஸ்லீப்'. 3,900 வினாடிகளுக்கு மேலாகத் தூக்கம். ஒரு மணி நேரத்துக்கும் அதிகம்.

"தூங்குது சார், ஒண்ணும் செய்யல" என்றேன்.

"தூங்குறது சரி. கையில சாவியை வெச்சுக்கிட்டுத் தூங்குதான்னு பாருங்க" என்றார்.

'இன்னோடிபி டிஆர்எக்ஸ்' என்று ஒரு தகவல் அட்டவணை இருக்கிறது. முடிவுறாத பரிவர்த்தனைகள் எல்லாம் அதில் தெரியும். பார்த்தேன். அலுவலகக் கணினியின் பெயரில் ஒரு பரிவர்த்தனை 2.47 மணிக்குத் தொடங்கியிருந்தது. இன்னும் முடியவில்லை. மாற்றிய வரிசைகள், 38.

கமிட் எங்கே போனது?

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மற்ற பாட ஆசிரியர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி. தரவுத்தளத்தில் ஒன்றைச் சேர்த்ததும் அது நிலையாகிவிடுவதில்லை. கமிட் என்று சொன்னால்தான் நிலைக்கும். சொல்லாமல் இணைப்பு அறுந்தால், சேர்த்தவை எல்லாம் திரும்பப் பெறப்படும். அதுவரை, சேர்த்தவருக்கு மட்டும் அவை கண்ணில் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

என் நிரலில் முதலில் 'சேமி' என்று ஒரு பொத்தான்தான் இருந்தது. அதில் கமிட் இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் சேமித்து, புதிய படிவம் திறந்து வேலை செய்வது தாமதமாகிறது என்று இளநிலை உதவியாளர் சொன்னதால், ஜூலையில் 'சேமித்து அடுத்தது' என்று இன்னொரு பொத்தான் சேர்த்தேன். அதில் கமிட் எழுத மறந்துவிட்டேன். பைத்தானில் தரவுத்தள இணைப்புகளுக்கான பொது விதிப்படி, தானாகக் கமிட் ஆகும் வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

மற்ற நாள்களில் அவர் கடைசிப் பதிவுக்குப் பழைய 'சேமி' பொத்தானை அழுத்தி முடிப்பார். அப்போது அன்றைய பதிவுகள் மொத்தமும் நிலைத்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மூன்றரை மணிக்கு முன்பே தபால்களை எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்புவார். திரையை அப்படியே விட்டுவிட்டுப் போவார். அந்தத் திரை பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான்கு மணிக்கு என் பேக்கப் வந்து கதவருகில் நிற்கும்.

எவ்வளவு நேரம் நிற்கும்? அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பு, நாம் மாற்றாதவரை, 3,15,36,000 வினாடிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக ஒரு வருடம். தூங்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் தானாகவே துண்டிப்பதற்கு 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம் ஆகும்.

பூட்டை வைத்திருக்கும் இணைப்பைத் துண்டிக்க 'கில்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. எண்ணைப் போட்டால் போதும், பேக்கப் ஓடிவிடும். நான் அதைத் தட்டச்சு செய்யப் போனேன். நண்பர் மறுபடி தடுத்தார். "அந்த 38 வரிசை என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுவலகத்துக்கு ஓடினேன். அந்தக் கணினியில் நிரல் திறந்தபடி இருந்தது. பட்டியலில் 38 பெயர்கள். கீழே 'சேமி' பொத்தான். அழுத்தினேன். ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தபோது கறுப்புத் திரை மூடியிருந்தது. பேக்கப் முடிந்திருந்தது.

அந்த 38 பெயர்கள் பிழைத்தன. முந்தைய மூன்று வெள்ளிக்கிழமைகளில் நான் ரீஸ்டார்ட் செய்தபோது அழிந்தவை? அட்டவணையில் கணினி தானாகத் தரும் வரிசை எண்ணைப் பார்த்தேன். திரும்பப் பெற்ற பதிவுகளின் எண்களை மைஎஸ்கியூஎல் மறுபடி பயன்படுத்துவதில்லை. ஆகவே மூன்று இடங்களில் எண்கள் விட்டுப்போயிருந்தன. 41, 27, 36. மொத்தம் 104 பேர். நான் ரீஸ்டார்ட் செய்யாமல் இருந்திருந்தாலும், மாலையில் மெயின் சுவிட்சை அணைத்ததும் அவை போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று முறையும் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலை இளநிலை உதவியாளரிடம் போய், "நீங்க சொன்னது சரிம்மா. தப்பு என் புரோகிராம்ல" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். 104 பேரையும் இரண்டு நாளில் மறுபடி ஏற்றினோம்.

இரண்டாம் நாள் ஒரு பெயரில் அவர் கை நின்றது. "டீச்சர், இந்த அம்மா வந்தாங்களே" என்றார்.

பத்து நாளைக்கு முன்னால், ஓய்வூதிய வேலைக்காகப் பிறந்த தேதிச் சான்று கேட்டு ஓர் அம்மா வந்திருந்தார். கணினியில் தேடினோம். இல்லை. "அந்த வருஷம் முழுசா ஏத்தியாச்சு, உங்க பேர் இல்லையேம்மா, வேற ஸ்கூலா இருக்குமோ" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினோம்.

நல்லவேளை, விண்ணப்பத்தில் மகனின் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தோம். மறுநாள் வந்தார். சான்றை வாங்கிக்கொண்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "அன்னைக்கே சொன்னேனே, நான் இங்கதான் படிச்சேன்னு."

எதை முதலில் சரிசெய்வது?

இப்போது நாங்கள் செய்திருக்கும் மாற்றங்களைச் சொல்கிறேன். ஒன்று, நிரலில் ஒவ்வொரு பதிவுக்கும் கமிட். இரண்டு, பூட்டுக்காகக் காத்திருக்கும் வரம்பை ஒரு வருடத்திலிருந்து 60 வினாடியாகக் குறைத்தேன். சத்தமில்லாமல் காத்திருப்பதைவிடப் பிழைச் செய்தியோடு நிற்பது நல்லது. மூன்று, பேக்கப் கட்டளையில் 'சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன்' என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். இன்னோடிபி வகை அட்டவணைகளை இது பூட்டுவதில்லை. பேக்கப் தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ, அந்த நிலையை நகல் எடுக்கும். அந்த நேரத்தில் அட்டவணையின் அமைப்பை மட்டும் மாற்றக் கூடாது. பழைய மைஐசாம் வகை அட்டவணைகளுக்கு இது பயன்படாது.

இந்த மூன்றாவது மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'பேக்கப் ஹேங் ஆகிறது' என்று யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் முதல் வெள்ளிக்கிழமையே நான் இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேக்கப் எந்தத் தடையும் இல்லாமல் ஓடியிருக்கும். கமிட் ஆகாத பதிவுகள் அந்த நகலில் இருக்கவே இருக்காது. வாரா வாரம் முப்பது, நாற்பது பேர் காணாமல் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் நிம்மதியாகப் பென்டிரைவைப் பீரோவில் வைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் பள்ளியில் ஏதோ தவறு நடக்கிறது என்று சொன்னவர்கள் இருவர்தான். ஒருவர் இளநிலை உதவியாளர். இன்னொன்று நின்றுபோன அந்தப் பேக்கப். இரண்டு பேர் சொன்னதையும் நான் கேட்கவில்லை. ஆகவே, காத்திருப்பை நீக்கும் வழியைத் தேடுமுன், அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு பழக்கங்கள். டம்ப் கோப்பு முழுமையாக முடிந்தால் அதன் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு இருக்கும். அந்த வரி இல்லையென்றால் அது பாதிக் கோப்பு. கடைசி வரியைப் பார்க்காமல் பென்டிரைவை எடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, பதிவுகளின் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். கூடவே பதிவேட்டில் ஏதாவது ஐந்து பெயர்களைக் கைபோன போக்கில் எடுத்து, கணினியில் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் 104 பேரைக் கண்டுபிடிக்க இந்தச் சின்னச் சோதனையே போதுமானதாக இருந்திருக்கும்.

வகுப்பறைக்கு

நாம் மேல்நிலை இரண்டாம் ஆண்டில் கமிட், ரோல்பேக், சேவ்பாயின்ட் மூன்றையும் நடத்துகிறோம். 'தரவுகளை நிலையாகச் சேமிக்கும் கட்டளை' என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுவார்கள். நானும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த வாரத்திலும் அதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அதை ஆய்வகத்தில் பதினைந்து நிமிடச் செயல்பாடாகச் செய்கிறேன். ஒரே தரவுத்தளத்தில் இரண்டு திரைகள், இரண்டு மாணவர்கள். ஒருவர் பரிவர்த்தனையைத் தொடங்கி ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும். கமிட் கொடுக்கக் கூடாது. மற்றவர் அந்தப் பெயரைத் தேட வேண்டும். "எனக்குத் தெரியுது மிஸ்", "எனக்குத் தெரியல மிஸ்" என்று இரண்டு பக்கமும் குரல் வரும். பிறகு இரண்டாமவர் அட்டவணையைப் பூட்டச் சொல்லிக் கட்டளை கொடுப்பார். திரை அப்படியே நிற்கும். முதலாமவர் கமிட் கொடுத்ததும் அது நகரும். அதைப் பார்த்த பிள்ளைகளுக்குக் கமிட் என்றால் என்ன என்று நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்காது.

மைஎஸ்கியூஎல் இல்லாத பள்ளிகளில், நம் பாடநூலில் உள்ள எஸ்கியூலைட்டிலேயே இதைச் செய்யலாம். ஒருவர் எழுதிவிட்டுக் கமிட் கொடுக்காமல் இருந்தால், இரண்டாவதாக எழுத வருபவரைப் பைத்தான் 5 வினாடி காக்க வைக்கும். பிறகு 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்று பிழை காட்டும். மைஎஸ்கியூஎல் ஒரு வருடம் காத்திருக்கும், இது ஐந்தே வினாடி. ஏன் இந்த வேறுபாடு, எது நல்லது என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் வரும்.

ஆய்வகத்தில் அந்தக் கணினிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 'ஓடுகிறதா? இடம் இருக்கிறதா? ஏதாவது கேட்கிறதா? யாருக்காகக் காத்திருக்கிறது?' இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. எழுதியது எங்கள் இளநிலை உதவியாளர். வெள்ளிக்கிழமை தபாலுக்குக் கிளம்பும்போது அவர் இப்போது ஆய்வக வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். "டீச்சர், நான் மூடிட்டேன். நீங்க ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.